ஜனவரி ஒன்று, காலை ஐந்தரை

2.8.2025, சனிக்கிழமை. கொல்லம் 1200, ஆடி 17.

மனைவி தாணம்மாளுக்குக் காலை மாத்திரைகளைக் கொடுத்தபின் கணினி அறையைத் துடைத்தேன். அவள் நிலைப்படிவரை வந்து நின்றாள், உள்ளே வரவில்லை. பிப்ரவரி 14 அன்று மூளையில் இரத்தக்குழாய் அடைத்ததிலிருந்து அவளுக்குக் கடைசி எட்டு, பத்து ஆண்டுகள் காணாமற்போயின. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியது நினைவிருக்கிறது. ஓய்வுபெற்றபின் என்னுடன் இவ்வறையில் அமர்ந்து, கொல்லம் ஆண்டுத் தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றும் நிரலை எழுதியது நினைவில்லை. பழைய திருவிதாங்கூர்ப் பத்திரங்களை வைத்துக்கொண்டு தேதி புரியாமல் தவிப்போருக்காக இருவரும் சேர்ந்து செய்த வேலை. நிரலில் மொத்தம் இருபத்திரண்டு துண்டுகள். ஒன்பது அவள் எழுதியவை.

“அது உங்க சோலியாக்கும். நான் எழுதினேன்னு சொல்லி என்னைத் தேத்தாண்டாம்,” என்றாள்.

நாள் முழுவதும் சன்னல் கம்பியைப் பிடித்தபடி அமர்ந்திருக்கிறாள். நேற்று, “இனி நான் சோறு திங்கதுக்கு மட்டும் உள்ள ஆளு,” என்றாள். மீண்டும் எழுத அமர்ந்தால் தேறுவாள் என்கிறார் மருத்துவர். தன்னால் முடிந்திருந்தது என்று நம்பினாலல்லவா அமர்வாள்? கணக்கு ஆசிரியை. சான்று இல்லாமல் எதையும் ஏற்கமாட்டாள்.

3.8.2025, ஞாயிறு. ஆடி 18.

சான்று இருக்கிறது.

துண்டுகள் அனைத்தையும் ஒரே நூலகக் கோப்பாகக் கட்டி வைத்திருக்கிறோம். கறுப்புத் திரையில் ‘ஏஆர்’ என்னும் கட்டளையை அடித்தால், ஒவ்வொரு துண்டும் எந்நாளில், எந்நேரத்தில், எவருடைய கணினிக் கணக்கிலிருந்து செய்யப்பட்டது என்று வரிவரியாகச் சொல்லும். என் எண் 1000; அவளுடையது 1001. மே மாதம் புதுக் கணினிக்கு மாறியபோது மற்றக் கோப்புகளெல்லாம் என் பெயருக்கும் அன்றைய தேதிக்கும் மாறிவிட்டன. நூலகக் கோப்பின் உள்ளே மட்டும் பழைய விவரங்கள் அப்படியே உள்ளன. இன்று பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

அவளிடம் சொன்னேன். “சரி, காட்டுங்க. பாத்துட்டுச் சொல்லுதேன்,” என்றாள். ஆறு மாதத்தில் இப்போதுதான் ஒன்றைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறாள்.

இன்றே காட்டியிருக்கலாம். ஆனால் பட்டியல் ஒழுங்காக இல்லை. 2019க்குப் பின் 2017 வருகிறது. அதை அப்படியே ஒருவர்முன் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நாளை வரிசைப்படுத்துவேன்.

4.8.2025, திங்கள். ஆடி 19.

முற்பகல்: எந்தத் துண்டுக்குப்பின் எது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, கோப்பைப் பிரித்து, தேதி வரிசையில் மீண்டும் கட்டினேன். பழைய கோப்பை அழித்தேன். பென் டிரைவில் இருந்த பிரதியையும் அழித்துப் புதியதை வைத்தேன். ஒரே கோப்புக்கு இரண்டு பதிப்புகள் இருப்பது குழப்பத்துக்கு வித்து.

பிற்பகல்: பட்டியலைத் திறந்தேன். எல்லா வரிகளிலும் ஒரே தேதி. 1970 ஜனவரி 1, காலை 5.30. எல்லா வரிகளிலும் எண் 0. 1001 இல்லை. ஒன்றுகூட இல்லை.

என்ன செய்தேன்? ஒழுங்குபடுத்தத்தானே செய்தேன் —

போச்சு. எல்லாம் போச்சு.

5.8.2025, செவ்வாய். ஆடி 20.

ஷார்ஜாவிலிருக்கும் மருமகன் ரதீஷைத் தொலைபேசியில் அழைத்தேன். கணினி வேலையில் இருப்பவர்.

“மாமா, இப்ப உள்ள ஏஆர் அப்படியாக்கும். ஆரு எப்பக் கெட்டினாலும் கோப்பு ஒண்ணுபோல இருக்கணும்னு தேதியையும் ஆளையும் பூஜ்யமாக்கிப் போடும். கெட்டச்சில பெரிய ‘யு’ ஒண்ணு சேத்து அடிச்சிருக்கணும். பிரிச்சு எடுக்கச்சில ஒரு ‘ஓ’ போட்டிருக்கணும்.”

இரண்டு எழுத்துகள். கணினியின் காலக்கணக்கில் பூஜ்யம் என்பது 1970 ஜனவரி 1, கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு. நமக்குக் காலை ஐந்தரை. அதை நான் அறிவேன். அறிந்து என்ன பயன்?

“பழைய மெஷின் இருக்கா மாமா?”

அதன் வட்டை 11.5.2025 அன்று நானே சுத்தியலால் உடைத்தேன் என்றேன்.

“உடைச்சியளா? எதுக்கு?”

பாதுகாப்புக் கருதி அவ்வாறு செய்யும்படி பத்திரிகையில் எழுதியிருந்தார்கள்.

6.8.2025, புதன். ஆடி 21.

சொன்ன சொல்லை மாற்றவில்லை, காட்டினேன். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிலைப்படியில் நின்றபடியே திரையை வாசித்தாள்.

“இருபத்திரண்டையும் ஒரே நிமிஷத்துல எழுதின ஆளு ஆரு?”

நடந்ததை விளக்கினேன். இடையில் ஒருமுறை எனக்கே நம்பும்படியாக இல்லை.

“1970-ல நான் பாவாடை கெட்டிட்டு ஏழாங் கிளாசு போயிட்டிருக்கேன். வெளுப்பாங்காலம் எந்திரிச்சு கம்ப்யூட்டரா அடிச்சேன்?”

வரிசை குறித்த தாளைக் காட்டினேன்.

“இது உங்க கையெழுத்துல்லா?” பின்னர், சிரிக்காமல்: “பொய்யின்னாலும் நல்லா அடுக்கி வச்சிருக்கிய.”

சன்னலுக்குத் திரும்பிப் போய்விட்டாள். நான் திரையை அணைத்தேன். நானாகவே அவளை அழித்துவிட்டேன். துடைத்து, வரிசைப்படுத்தி, மிகவும் சுத்தமாக.

9.8.2025, சனி. ஆடி 24.

மழை. சன்னலை மூடப் போனேன்; வேண்டாம் என்று கையால் தடுத்தாள்.

13.8.2025, புதன். ஆடி 28.

அருமனையிலிருந்து ரசலையன் என்பவர் வந்தார். பாட்டனார் வாங்கிய ரப்பர் தோட்டத்துப் பத்திரம். தேதி கொல்லம் 1108, ஆனி 32. “வக்கீலு இங்கிலீஷ் தேதி இல்லாம முடியாதுன்னு நிக்காரு சார்,” என்றார்.

நிரலில் இட்டேன். ‘இத்தகைய தேதி இல்லை’ என்று வந்தது. மீண்டும் இட்டேன். இல்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வாரத்தில் இன்னும் என்னென்ன?

சன்னல் பக்கமிருந்து குரல் வந்தது. “ஆனிக்கு 32 இல்லன்னு எந்த மடையன் சொன்னான்? நெறைய வருஷம் ஆனிக்கு 32 உண்டு.”

எழுந்து வந்தாள். நிலைப்படியைத் தாண்டினாள். எனக்குப் பின்னால் நின்று, மாத நாட்களைக் கணிக்கும் துண்டைத் திறக்கச் சொல்லி வாசித்தாள்.

“ஆனிக்கு எல்லா வருஷமும் 31-ன்னு முடிச்சுப் போட்டிருக்கு. ஆரு எழுதினது இது?”

அத்துண்டு அவள் எழுதியது. எண் 1001. எந்நாள், எந்நேரம் என்பதும் எனக்குத் தெரியும். இங்கே எழுதிப் பயனில்லை.

“நான்தான்,” என்றேன்.

“நெனச்சேன். கணக்குல உங்களுக்கு எப்பவும் அவசரம். எந்திரிங்க.”

என்னுடையதல்லாத பிழையை நான் வாழ்நாளில் ஏற்றதில்லை. நாற்காலியை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். ரசலையனை அடுத்த வாரம் வரச் சொன்னோம்.

17.8.2025, ஞாயிறு. கொல்லம் 1201, ஆவணி 1.

ஆண்டு பிறந்தது. வலது கை இன்னும் வழங்கவில்லை. இடது கையின் ஒற்றை விரலால் அடிக்கிறாள். நான் உதவ நீட்டிய கையைத் தட்டிவிட்டாள்.

19.8.2025, செவ்வாய். ஆவணி 3.

திருத்தி முடித்தாள். ஆனி 32 என்பது 1933 ஜூலை 15 என்று வந்தது. காகிதத்திலும் தனியே கணக்கிட்டுப் பார்த்துவிட்டே ஒப்புக்கொண்டாள்.

புதுக் கணினியில் முன்னமே அவளுக்கென்று கணக்குத் திறந்திருந்தேன்; அதில்தான் திருத்தினாள். எண் 1001. துண்டை நூலகத்தில் சேர்க்குமுன் பெரிய ‘யு’ இருக்கிறதா என்று மும்முறை பார்த்தேன். பட்டியலை அடித்தேன். இருபத்தொரு வரிகளில் 1970 ஜனவரி 1, காலை 5.30. ஒரு வரியில் மட்டும் இன்றைய தேதி, 1001.

அவள் அந்த வரியை வாசித்தாள். பின்னர், “மத்ததுல என்னென்ன தப்பு கெடக்கோ. ஒவ்வொண்ணாத் தொறங்க,” என்றாள்.

முதலில் என்னுடையது ஒன்று. இரண்டு பிழை கண்டாள். அடுத்தது, ஆண்டுப்பிறப்பைக் கணிப்பது. விரலை வரிவரியாக ஓட்டிக் கடைசிவரை வாசித்தாள். மீண்டும் மேலே போனாள்.

“இது கொள்ளாம். ஒரு எழுத்து கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இதையும் நீங்களா எழுதினிய?”

‘நீதான்’ என்பது வாய்வரை வந்தது.

“பட்டியலில் பெயர் இல்லை,” என்றேன்.

“ஆரா இருந்தாலும் வெவரமுள்ள ஆளு,” என்று சொல்லி, அடுத்ததைத் திறக்கச் சொன்னாள்.