கேத்தல் ஆவியில் விளைந்த பளிங்கு

தோழி,

இன்று காலை ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்தேன். 'டக்' என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக நீங்கள் எவ்வளவு காத்திருந்தீர்கள் என்பது எனக்குத்தான் தெரியும். மழைநாள் போல ஈரம் ஏற்றிச் சோதிக்கும் ஈரப் பெட்டிக்குள் ஆறு மாதம் கிடந்த மாத்திரை அது.

பழைய இதய மருந்துதான். குணத்தில் குறையில்லை. ஆனால் மலைநாட்டு மழைக்கு ஈரத்தை உறிஞ்சி, அட்டைக்குள்ளேயே களியாகிவிடும். புசல்லாவையில் என் அப்பா அதை நகத்தால் சுரண்டி எடுத்துத்தான் விழுங்குவார். மருந்தை மாற்ற வேண்டாம், அதன் பளிங்கை, அதாவது உள்ளே துகள்கள் அடுக்கியிருக்கும் வடிவத்தை, மாற்றினால் போதும் என்று பல்லேகல ஆய்வுகூடத்தில் நீங்களும் நானும் இறங்கினோம். கரைசலை உலர்த்துவோம், வரும் பளிங்கைச் சோதிப்போம், அது ஈரத்தில் இளகும், மறுபடியும் தொடங்குவோம். வருட முடிவுக்குள் வழி பிறக்காவிட்டால் வேலையை மூடிவிடுவதாக முகாமையாளர் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஆய்வுகூடத்துக்குள் தேநீர் கூடாது. எனக்கோ பிளேன்டீ இல்லாமல் கை ஓடாது. போத்தல்களுக்குப் பின்னால் கேத்தலை ஒளித்து வைத்துக் கொதிக்கவிட்டேன். பக்கத்தில் உலர்ந்துகொண்டிருந்த தட்டு முழுக்க ஆவி. உங்கள் கண்ணில் படுமுன் கழுவிவிட ஓடினேன், பிடிபட்டேன்.

"உதைக் கழுவாதையும். கெட்டுப்போனதையும் ஒருக்காப் பாப்பம்" என்றீர்கள்.

"பாத்து என்னங்க ஆகப்போகுது?" என்று எரிந்து விழுந்தேன்.

மூன்றாம் நாள் நுணுக்குக்காட்டியில் பார்த்தால், அதுவரை நாம் காணாத ஊசிப் பளிங்குகள். ஆவியின் நீரைத் தனக்குள்ளேயே கட்டி வைத்துக்கொண்ட புதிய வடிவம். வயிறு நிறையச் சாப்பிட்டவர் மறுபடி பந்தியில் உட்காராதது போல, இது இனி ஈரத்தை வாங்காது என்றீர்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நீங்களோ நிதானமாகக் குறிப்புக் கொப்பியைத் திறந்து, கேத்தல் ஆவி பட்டது என்று உள்ளபடி எழுதி, என்னைக் கையொப்பம் இடச் சொன்னீர்கள். வேலை போய்விடும் என்று மன்றாடினேன்.

"உண்மையை எழுதாட்டித் திருப்பிச் செய்யேலாது."

சொல்லிவிட்டு, என் கையொப்பத்துக்குப் பக்கத்தில் உங்களுடையதையும் போட்டீர்கள்.

அந்தப் பளிங்கில் செய்த மாத்திரைகள் ஈரப் பெட்டிக்குள் போன இரண்டாம் மாதம் நீங்கள் போய்விட்டீர்கள். நோயை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்த அழுத்தக்காரி நீங்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று வென்றுவிட்டோம். ஒரு மாத்திரைகூட இளகவில்லை, கரைவதிலும் பழையதற்குக் குறைவில்லை. காப்புரிமை விண்ணப்பத்துக்குக் கண்டுபிடித்தவர் பெயர் கேட்டார்கள். இறந்தவர் பெயரைப் போட்டால் வீண் சிக்கல் என்று முகாமையாளர் இழுத்தார். அவர் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, எழுதும்வரை எழும்பமாட்டேன் என்றேன். எழுதினார். முதலில் உங்கள் பெயர், அதற்குக் கீழேதான் என்னுடையது.

உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் பிடிவாதம். பொறுமைதான் இன்னும் வந்தபாடில்லை.