ஆறு வால்வுகளில் ஒன்று

அண்ணாச்சி,

திங்கட்கிழமை காலை உங்கள் மகள் பழைய பனியன் துணியில் சுற்றிய ஒரு பொருளை என் முன்னால் வைத்தாள். உங்கள் மேசையின் அடி இழுப்பறையில் கிடைத்ததாம். துணியைப் பிரிக்கும் முன்பே, அதன் கனத்தில், எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு அங்குல கன்மெட்டல் வால்வு. கைப்பிடிச் சக்கரத்தின் சிவப்புப் பெயின்ட் இன்னும் உதிரவில்லை. உள்வாயில் மட்டும் லேசாகப் பச்சை பூத்திருந்தது.

"இதோட கதை தெரியும்ல மாமா உங்களுக்கு? அப்பா ஒருக்க அமோனியா லைனுக்கு இதத் தப்பா அனுப்பிட்டாகளாம். கேஸ் ஏத்துறதுக்கு முந்தி கண்டுபிடிச்சதால தப்பிச்சதாம். எந்த லிஸ்ட் வந்தாலும் சார்கிட்டக் காட்டாம சரக்கு அனுப்பாதம்மான்னு அதுக்காகத்தான் சொல்வாக. கடைச் சாவிய என் கையில குடுத்தன்னைக்கும் அதத்தான் சொன்னாக."

நான் தலையை ஆட்டினேன். அந்த சார் நான்தான்.

தேவதானப்பட்டிப் பக்கம் புதிதாக வரும் குளிர்பதனக் கிடங்கின் பட்டியலை என்னிடம் கொடுத்து, "இதுவும் அமோனியாதான், நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். எழுத்துகள் கண்ணில் நின்றனவே தவிர உள்ளே போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாள் கடைப் பக்கம் போகவில்லை.

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. வெளியாருக்காக அந்தப் பொய்யைச் சொன்னீர்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சொந்த வீட்டிலும் அதையேதான் சொல்லி வைத்திருந்தீர்கள் என்பது அன்றுதான் தெரிந்தது.

கம்பத்துக்குப் பக்கத்தில், அமோனியா வாயுவால் குளிரூட்டும் அந்தத் திராட்சைக் கிடங்கு கட்டிய வருடத்தை நினைத்துக்கொள்கிறேன். அங்கே நான் இன்ஜினியர். எந்தக் குழாயில் எது ஓடும், அதற்கு எந்த இரும்பு, என்ன கனம், எந்த வால்வு, இணைப்பை அடைக்க எந்த கேஸ்கெட் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. பொருத்துகிறவர் அந்தத் தாளைத்தான் பார்ப்பார். வாங்குகிற குமாஸ்தாவும் அதையே பார்ப்பார். அதில் பிழை இருந்தால் பிழைதான் வாங்கப்படும், பிழைதான் பொருத்தப்படும். அந்தப் பயத்தில் ஒவ்வொரு தாளையும் மூன்று முறை சரிபார்ப்பேன். பூட்டிய வீட்டை மறுபடி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் என்று நீங்கள் கேலி செய்வீர்கள்.

கைப்பிரதியில் எல்லாம் சரியாகவே இருந்தது. அமோனியாப் பெரிய குழாய்க்கு வார்ப்பு எஃகு வால்வு. அதற்கு அடுத்த வரியில், அமோனியாவோடு வந்து தங்கும் இயந்திர எண்ணெயை வடிக்கிற சின்ன அமோனியாக் குழாய்க்கு "மேற்படி". அதற்குக் கீழே கழுவுதண்ணீர்க் குழாய்க்கு கன்மெட்டல். சுத்தப் பிரதி எடுக்கும்போதுதான் எனக்கு அந்த ஆசை வந்தது. பெரிய குழாயில் தொடங்கிச் சின்னதில் முடிகிற மாதிரி வரிசைப்படுத்தினால் பார்க்க ஒழுங்காக இருக்குமே! தண்ணீர்க் குழாய் நடுவில் ஏறியது. சின்ன அமோனியாக் குழாய் அதற்குக் கீழே இறங்கியது. அதன் "மேற்படி"யும் கூடவே இறங்கி, இப்போது கன்மெட்டலைச் சுட்டியது. மூன்று முறை சரிபார்த்தேன். மூன்று முறையும் எண்களைத்தான் பார்த்தேன்.

கன்மெட்டலில் பெரும்பங்கு செம்பு. செம்பு கலந்த எதையும் அமோனியா அரித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் வால்வு விண்டுபோகும். எண்ணெய் வடிக்கிறவரின் முகம் அப்போது அதற்கு நேராக இருக்கும். இது முதல் வருட மாணவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

உங்கள் கடையிலிருந்து சரக்கு போன அன்று நீங்கள் மதுரையில் ஒரு கல்யாணத்தில் இருந்தீர்கள். மறுநாள் திரும்பி வந்து ஆர்டர் நகலைப் பார்த்ததும், போன் கூடச் செய்யாமல் கம்பம் பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள். பிற்பகல் மூன்று மணி இருக்கும். கல்யாணத்துப் பட்டுக்கரை வேட்டியோடு இயந்திர அறை வாசலில் வந்து நின்றீர்கள்.

"சார், அந்தச் சின்ன வால்வு ஆறையும் மாட்டியாச்சா?"

மாட்டியாகிவிட்டது. மறுநாள் காலை வாயு ஏற்றுவதாக இருந்தது. என் தாளை வாங்கி அந்த வரியில் விரலை வைத்தீர்கள். நான் படித்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன். அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டீர்கள்.

கோம்பையிலிருந்து வரும் ஃபிட்டர் அங்கேதான் இருந்தார்.

"மாட்டும்போதே மனசு ஒப்பல அண்ணாச்சி."

"ஒப்பலேன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன, கேஸ்கெட்டா போட்டிருந்தது?"

"படிச்சவுக எழுதின பேப்பரு. நான் என்னத்தச் சொல்ல?"

கிடங்கு முதலாளி வந்துவிட்டார். அதற்குள் ஃபிட்டர் கழற்றிப் போட்டிருந்த முதல் வால்வைக் காலால் நகர்த்தி, "யார் செஞ்ச வேலை இது?" என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். "ஐயா" என்று தொடங்கியதாகத்தான் நினைவு. குரல் வந்ததா என்று இன்றுவரை தெரியாது.

"பேப்பர்ல சரியாத்தான் இருக்கு முதலாளி. எங்க கடையில கை மாறிப்போச்சு" என்றீர்கள்.

"கை மாறுறதுக்கு இது என்ன, கத்திரிக்காயா? நாளைக்கு ஒருத்தன் செத்தா யாரு வந்து நிப்பா? இனிமே உங்க கடைச் சரக்கு இந்த கேட்டத் தாண்டக் கூடாது."

அந்தத் தாள் அப்போது என் கையில் இருந்தது. அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் துணிந்து செய்த காரியம் என்று ஒன்று உண்டென்றால் அது அதுதான். அதைத்தான் நான் செய்தேன்.

ஃபிட்டர் ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டு ஸ்பானரை எடுத்தார். மீதி ஐந்தும் கழன்றதும் ஆறையும் சாக்கில் போட்டு, நீங்களே தோளில் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தீர்கள். நான் பின்னாலேயே வந்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எனக்குக் கடை இருக்கு சார். இந்த கேட் இல்லேன்னா இன்னொரு கேட். உங்களுக்கு அந்த ஒரு நாற்காலிதான? போங்க, போயி அந்தப் பேப்பர மாத்தி எழுதுங்க, மொதல்ல."

மாற்றி எழுதினேன். அன்றிலிருந்து எந்தத் தாளிலும் "மேற்படி" போட்டதில்லை. நூறு வரி இருந்தாலும் நூறு வரியிலும் முழுப் பெயரை எழுதுவேன். சார் எழுதுற லிஸ்ட்டுக்குத் தனியா ஒரு லாரி பிடிக்கணும் என்று கடையில் எல்லாரையும் சிரிக்க வைப்பீர்கள். முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வருடக்கணக்காக வாக்கியங்களைத் தயார் செய்தேன். அவர் காலமாகும்வரை தயார் செய்துகொண்டே இருந்தேன். உங்கள் கடைச் சரக்கு அந்த கேட்டைத் தாண்டவே இல்லை. நீங்களோ, நான் ஓய்வு பெற்ற மறுவாரமே கடையில் எனக்கு ஒரு மின்விசிறியும் மேசையும் போட்டுக் கொடுத்தீர்கள்.

நேற்று வியாழக்கிழமை கடைக்குப் போனேன். தேவதானப்பட்டிப் பட்டியலை முதலில் முடித்தேன். இரண்டு இடத்தில் திருத்தம் இருந்தது. பிறகு உங்கள் மகளை உட்காரச் சொல்லி, அந்தத் தாளை மேசையில் விரித்தேன். ஆமாம், வைத்திருக்கிறேன் அண்ணாச்சி. மடிப்புகளில் கிழிந்து நான்கு துண்டாகிவிட்டது. வரியைக் காட்டினேன். எழுதியது நான், மடித்து வைத்தது நான், பேசாமல் நின்றதும் நான் என்று சொன்னேன். உங்களைத் தவிர வேறொருவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசிய நினைவு எனக்கு இல்லை.

அவள் துண்டுகளைச் சேர்த்து வைத்து நெடுநேரம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அந்தக் கேட்டு போனதுல அம்மா ஒரு வருசம் அப்பாவ வஞ்சுக்கிட்டே இருந்தாக. அப்பாவும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டாக. இப்பத்தான தெரியுது ஏன் சிரிச்சாகன்னு." துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே, "எனக்குக் கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன் மாமா" என்றாள்.

பிறகு எழுந்து வால்வை எடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில், வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள்.

"இங்கனயே இருக்கட்டும். யாராச்சும் இது என்னன்னு கேட்டா நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

இன்று காலை ஆண்டிபட்டியிலிருந்து ஒரு ஒப்பந்தக்காரர் வந்தார். பில் போடும்வரை சும்மா நிற்க முடியாமல் அதைக் கையில் எடுத்து உருட்டினார். "என்ன சார், பேப்பர் வெயிட்டா?" என்றார்.

உங்கள் மகள் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. பதற்றத்தில் என் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டேன்.

"இல்லைங்க" என்றேன். "இது நான் எழுதின தப்பு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் வரியிலிருந்து சொன்னேன்.