புளி போட்டு மினுக்கிய மெனோரா

அன்புள்ள மிரியம் அக்கா,

தமிழில் எழுதினால் உங்களுக்கு எப்படி விளங்கும் என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். பதினொரு வருடம் பக்கத்துப் பக்கத்துக் கதவில் நின்று அரைகுறைப் பிரெஞ்சில் கதைத்தோமே, அது மட்டும் விளங்கியதா என்ன?

முதலில் புதினம். நம் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இந்த வருடம் பனி நேரத்தோடு கொட்டிவிட்டது. டோர்வலில் எனக்கு வேலையைக் காலைக்கு மாற்றிவிட்டார்கள். உங்கள் மகள் ரேச்சல் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வீட்டை ஒதுக்குகிறாள். போன ஞாயிறு தேநீர் குடிக்கும்போது அவள் ஒரு கதை சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் யூதப் பண்டிகை ஹனுக்காவுக்கு ஏற்றுகிற அந்த மெனோரா விளக்கின் கதை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியைத் தந்துவிட்டு நீங்கள் ஒட்டாவா போயிருந்தீர்கள். உங்கள் வேலை மேசையில் அது இருந்தது. நீங்களே பித்தளையைத் தட்டி வளைத்த எட்டுக் கிளைகள். அவற்றை ஏற்றிவைக்கிற ஒன்பதாவது நடுவில் சற்று உயரமாக. அழகென்றால் அழகு. ஆனால் கன்னங்கரேல் என்று இருந்தது. ஹனுக்கா வரப்போகிறது, மனுசி விளக்கைக்கூட மினுக்காமல் போய்விட்டாவே என்று எனக்கு மனம் கேட்கவில்லை. கார்த்திகை விளக்கீட்டுக்கு வாங்கி மிஞ்சிய பழப்புளியையும் உப்பையும் கொண்டுவந்து இரண்டு மணி நேரம் தேய்த்தேன். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது.

இவரைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். லாசாலில் உலோகப் பட்டறையில் வேலை செய்கிற மனிதர், தலையில் கை வைத்துவிட்டார்.

"ஐயோ, அது ஊத்தை இல்லையப்பா! மருந்து பூசி, வேணுமெண்டு ஏத்தின கறுப்பு. என்ன வேலை பாத்து வச்சிருக்கிறீர்?"

நீங்கள் வந்து பார்த்தீர்கள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "இது எனக்கென்று செய்ததுதான், இப்படியே இருக்கட்டும்" என்றீர்கள். அதன்பின் ஒவ்வொரு ஹனுக்காவுக்கும் முதல் நாள் என் கதவைத் தட்டி, "புளி" என்று தமிழிலேயே கேட்பீர்கள்.

ஆனால் ரேச்சல் சொல்கிறாள், அது உங்களுக்கென்று செய்தது இல்லையாம். யாரோ ஒரு கல்யாணப் பரிசுக்காகச் சொல்லிச் செய்வித்ததாம். நாள் நெருங்கிவிட்டதால் ஒரு கிழமைக்குள் இன்னொன்றைத் தட்டி, கறுப்பேற்றிக் கொடுத்தீர்களாம். என்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று ரேச்சலிடம் சத்தியமும் வாங்கினீர்களாம்.

அந்தக் கிழமை எனக்கு நல்ல ஞாபகம். விடியமுதலே சுவருக்கு அந்தப் பக்கம் டொக், டொக். பொறுக்க முடியாமல் வந்து உங்கள் கதவைத் தட்டி, "என்னக்கா, உங்களுக்கு ஓய்வே இல்லையோ?" என்று எரிந்து விழுந்தவள் நான்தானே? நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். என்னிடம்! எப்படி அக்கா முடிந்தது?

வெட்கமாக இருக்கிறது. ஆனால் வெட்கத்தைவிட நன்றிதான் பெரிதாக இருக்கிறது. என் கூடப்பிறந்தவர்கள்கூட எனக்காக இப்படி ஒரு பொய் சொன்னதில்லை.

மெனோராவை இனி ரேச்சல் தன் வீட்டு யன்னலில் வைத்து ஏற்றுவாள். திரும்பக் கறுப்பேற்ற ஆள் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், நீங்கள் புளியோடு வந்தால் போதும்" என்றாள். போவேன் அக்கா. இந்த வருடமும், இனி வருகிற வருடங்களும், கையில் பலம் இருக்கும்வரை போவேன்.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மேலே எங்கே இருந்தாலும் விடியமுதலே தட்டத் தொடங்குங்கள். நான் வந்து கதவைத் தட்டமாட்டேன்.

உங்கள் பக்கத்துக் கதவுத் தங்கச்சி,
வசந்தி