ஏழ்மடை வேந்தரின் மணற்காப்பு

மழை பொய்யாதிருப்பதாக, மடை உடையாதிருப்பதாக.

தேன்வரை நாட்டின் பன்னிரு குன்றங்களையும் ஒரு குடைக்கீழ்க் காத்தருள்பவரும், எளியோர்க்குத் தாயும், எம் மன்னர் பெருஞ்சேந்தருக்கு உடன்பிறந்த தமக்கையாருமாகிய பேரரசி செல்வநங்கையார் திருமுன்னர், ஆம்பல் நாட்டுத் தலைநகராம் ஏழ்மடையிலிருந்து பேரமைச்சன் நக்கண்ணன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் குன்றுகளில் தேன் வற்றாதிருப்பதாக. தங்கள் வாயிலில் வந்தவர் எவரும் வாடித் திரும்பாதிருப்பாராக.

இவ்வோலையை அரசியார் அஞ்சாமல் படிக்கலாம். நடுவே நக்கண்ணனைத் திட்டத் தோன்றும் இடம் ஒன்று வரும். அங்கே மனதாரத் திட்டிவிட்டு மேலே படித்தருளுமாறு அவன் வேண்டிக்கொள்கிறான். எதையும் பூசி மெழுகாமல் எழுது என்று தாங்கள் கட்டளையிட்டிருப்பதால், யார் எப்படிப் பேசினார்களோ அப்படியே எழுதுகிறான். ஓலைக்குரிய இலக்கணம் ஆங்காங்கே இடறினால் பொறுத்தருள்க.

சென்ற ஐப்பசிப் பெருமழையில் மூன்றாம் மடை உடைந்ததும், கீழ்க்கரைக் குடியிருப்பு நீரோடு போனதும், பதினொருவர் மாண்டதும் தாங்கள் அறிந்தவையே. அன்று முதல் தங்கள் தம்பியார் கண்ணோடு கண் மூடவில்லை. கஷாயம், தைலம், யாழ், தாலாட்டு எதுவும் எடுபடவில்லை. மாசி கழிவதற்குள் உறக்கம் திரும்பாவிட்டால் மன்னரின் உயிருக்குத் தாம் பொறுப்பல்ல என்று அரண்மனை வைத்தியர் கையை விரித்துவிட்டார். அதைக் கேட்டுத் துடித்த தாங்கள், தங்கள் நாட்டுக் கம்மியர் செய்த துயில் அளக்கும் அணிகள் மூன்றை அனுப்பி, பொருந்துவதைத் தேர்ந்து தம்பிக்கு அணிவித்து, அவர் எவ்வளவு உறங்குகிறார் என்பதை ஒளிக்காமல் எழுதுமாறு பணித்தீர்கள். தம்பி உறங்காத நாளில் தமக்கும் உறக்கமில்லை என்று அவ்வோலையின் ஓரத்தில் சிறிதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நக்கண்ணன் பலமுறை படித்தான்.

ஆராயாமல் எதையும் மன்னர் திருமேனியில் பூட்டலாகாது என்பதால், மூன்றையும் முதலில் பிறருக்கு அணிவித்துப் பார்த்தார்கள். உறங்கினால் நீலமாகவும் விழித்தால் சிவப்பாகவும் மாறும் கல் பதித்த மோதிரத்தை மடைப்பள்ளித் தலைவர் சாத்தப்பர் அணிந்தார். அண்டா உருண்டாலும் கண் திறவாத மனிதர் அவர். விடியும்வரை குறட்டை விட்டார், கல்லோ விடியும்வரை சிவப்பாகவே இருந்தது. அடுப்புச் சூட்டில் படுப்பவர் கையில் கல் வேறெப்படி இருக்கும்? மோதிரம் பேழைக்குத் திரும்பியது.

மூச்சுக்கு ஒரு மணி ஒலிக்கும் மார்புப் பட்டையை நக்கண்ணனே அணிந்துகொண்டான். அணிந்து படுத்து அரை நாழிகைகூட ஆகியிருக்காது. அவன் மனைவியார் எழுந்து உட்கார்ந்து, “இந்தச் சலங்கையைக் கழற்றுறீரா, இல்லை மாட்டுக்கொட்டில்ல போய்ப் படுக்கிறீரா?” என்று கேட்டார். பட்டையும் பேழைக்குத் திரும்பியது.

எஞ்சியது மணற்காப்பு. மணிக்கட்டில் அணியும் வளையம். அதனுள்ளே படிகக் குழல். கை அசையுந்தோறும் மேலறையிலிருந்து சில மணல் துகள்கள் கீழே விழும். விழுந்த மணலைப் பத்துக் கோடுகளால் அளக்கலாம். குறைய விழுந்தால் ஆழ்ந்த உறக்கம், நிறைய விழுந்தால் புரண்டு தவித்த உறக்கம் என்பது தங்கள் கம்மியர் வாக்கு. வாயில் காவலன் ஒருவன் அணிந்து நன்றாக உறங்கி எழுந்தபோது மணல் நான்காம் கோட்டில் நின்றது. ஓசையில்லை, நிறம் மாறவில்லை, யாரோடும் சண்டைக்கு வரவில்லை; ஆகவே இதுவே சிறந்தது என்று முடிவாயிற்று. அமைச்சர்கள் ஆட்களைத் தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் இப்படித்தான் என்பதை அரசியார் அறிவீர்கள்.

மன்னர் மறுக்காமல் கை நீட்டினார். மறுநாள் காலை மணல் முதற் கோட்டைக்கூடத் தொடவில்லை! அதற்கடுத்த நாளும் அப்படியே. நக்கண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மன்னர் துயின்றார் என்று முரசு அறையச் செய்தான். கடைத்தெருவில் சர்க்கரைப் பொங்கல் பொங்கினார்கள். பதினெட்டு நாள் இப்படிப் போயிற்று. நன்றாக உறங்கிய காவலன் நான்கு கோடு அசைந்திருக்க, மன்னர் மட்டும் எப்படி அசையாமல் உறங்குகிறார் என்று ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. அரசர் என்றால் உறக்கமும் அரச உறக்கமாக இருக்கும் என்று அவையோர் பூரித்தார்கள். அவர்களுக்கு முன்னே நின்று பூரித்தவன் நக்கண்ணன்.

மன்னரின் கண்ணுக்குக் கீழே கரிய பள்ளம் விழுந்திருந்ததை அவன் பார்த்தான். சோற்றுப் பருக்கையை எண்ணுவதுபோல் மன்னர் உண்பதையும் பார்த்தான். ஆனாலும் கண்ணால் கண்டதை விட்டுவிட்டு மணல் சொன்னதையே நம்பினான். அரசியாருக்குத் திட்டத் தோன்றும் என்று முன்னே சொன்ன இடம் இதுதான்.

பத்தொன்பதாம் நாள் காலை, முறைகேட்கும் மண்டபத்துக்கு மூன்றாம் மடைக் காவற்காரி காத்தாயி வந்தாள். இவள் யாரென்று சொல்ல வேண்டும். மடை விரிசல் விட்ட அன்று, கணவனைக் கதவுப் பலகையைத் தாங்கச் சொல்லிவிட்டு, அரண்மனைக்கு ஓடி வந்தவள் இவள். உறங்கும் அரசரை விடியற்சங்கு ஊதுமுன் எவரும் எழுப்பலாகாது என்பது ஆம்பல் நாட்டின் பழைய விதி. அரசர் முத்திரையின்றி மேல்மடைகளைத் திறந்து நீரைத் திருப்பவும் இயலாது. ஆகவே காவலர் அவளைக் கோபுர வாயிலிலேயே நிறுத்திவைத்தார்கள். மூன்று நாழிகை நின்றாள். சங்கு ஊதி, மன்னர் எழுந்து, முத்திரை பெற்று ஓடியபோது, மடையும் இல்லை, கணவனும் இல்லை.

அவளை நிமிர்ந்து பார்க்க மன்னருக்கு அன்றுவரை மனம் துணியவில்லை. அவள் பெயர் கூப்பிடப்பட்டதும் அரியணையின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். அவளோ கையில் முழம் அளக்கும் நீண்ட கயிற்றுச் சுருளோடு வந்து, புதிய கதவுப் பலகை இரண்டு விரற்கடை குறைகிறது, மாற்றித் தர வேண்டும் என்று முறையிட்டாள். பிறகு மன்னரின் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, “பதற ஒண்ணுமில்லை சாமி. இப்போ தண்ணி முழங்காலளவுதான். நான் அங்கேயேதான் இருக்கேன், பார்த்துக்கறேன்” என்றாள்.

அவ்வளவுதான். பலகையின் நீளத்தை அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மன்னரின் தலை மெல்லச் சாய்ந்தது. ஐயோ, மயங்கிவிட்டாரோ என்று வைத்தியர் பாய்ந்தார். நாடி பார்த்துவிட்டு, உறக்கம்தான் என்று உதட்டசைவால் சொன்னார். காத்தாயி தன் பேச்சைப் பாதியில் நிறுத்தி, “தூங்கட்டும். என் பலகை எங்கே ஓடிப்போகுது?” என்று கிசுகிசுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே தரையில் அமர்ந்தாள்.

மன்னர் புரண்டார், மூக்கைத் தேய்த்தார், சிறு பிள்ளைபோல் வாயைச் சப்புக்கொட்டினார், கை சரிந்து தொங்கியது. காப்பில் மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டாம் கோடு, மூன்றாம் கோடு, நான்காம் கோடு. நக்கண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. உறங்குகிறவன் அசைவான். அசையாமல் கிடப்பவன் விழித்திருப்பவன். பதினெட்டு நாளும் தங்கள் தம்பியார் கண்ணை மூடி, மரக்கட்டைபோல் கையை நீட்டி, பொழுது விடியும்வரை விழித்தே கிடந்திருக்கிறார்! நாற்பது ஆண்டு அமைச்சனாக இருந்தவன் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான் என்பதை இங்கே வெட்கமின்றி எழுதுகிறான்.

மன்னர் விழித்தபோது எதிரே காத்தாயி அமர்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாயிற்று என்று வினவினார். நாழிகை வட்டில் பார்ப்பவர் மூன்று நாழிகை என்றார். மன்னர் உடனே அரியணையிலிருந்து இறங்கி அவள்முன் வந்து, “அன்றைக்கும் இவ்வளவு நேரம்தானே அம்மா நின்றாய்?” என்று கேட்டார்.

“ஆமாம் சாமி.”

அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. தாம் உறங்கியதால்தான் பதினொருவர் மாண்டனர் என்றும், கண்ணை மூடினால் வாயிலில் எவரோ நிற்பதுபோல் தோன்றுகிறது என்றும், எவரும் கவலைப்படாதிருக்க முதலிலும், முரசொலி கேட்டு ஊர் மகிழ்வதைக் கெடுக்க மனமின்றிப் பிறகும் அசையாமல் கிடந்ததாகவும், எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டார். காத்தாயிதான் பேசினாள். “நீங்க தூங்கினதுல தப்பில்லை சாமி. ஊரே அப்போ தூங்கிட்டுத்தான் இருந்துச்சு. உங்களை எழுப்ப விடலை பாருங்க, அதுதான் தப்பு” என்றாள்.

மன்னர் அவள் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு மணற்காப்பைக் கழற்றி நக்கண்ணனிடம் கொடுத்துவிட்டு, வெறும் மணிக்கட்டை அவளிடம் நீட்டினார். இதன் ஒரு முனையை இங்கே கட்டு, இரவுதோறும் மறுமுனை கோபுர வாயிலுக்கு வெளியே, எவர் கைக்கும் எட்டும்படி தொங்கட்டும் என்றார். அரசர் மேனியைத் தொட அவள் தயங்கினாள். அப்போது மன்னர் சொன்னதைத் தங்களுக்காகவே இங்கே பதிகிறான் நக்கண்ணன். அன்னை மறைந்த ஆண்டில், இருட்டைக் கண்டு அழுத தம்பியின் கையில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையைத் தம் கையில் கட்டிக்கொண்டு, பயம் வந்தால் இழு, நான் வருவேன் என்று அக்கா சொன்னார். அந்த நூலை இழுக்காமலேயே தாம் உறங்கிப்போனதாகச் சொன்னார். காத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு முடிச்சிட்டாள்.

மறுநாள் விடியற்சங்கு மூன்று முறை ஊதியும் மன்னர் எழவில்லை. எவர் வேண்டுமானாலும் எழுப்பலாம் என்று புதிய ஆணை பிறந்த முதல் நாளில், எழுப்ப ஒருவருக்கும் மனம் வரவில்லை. நான்காம் நாள் காலை கயிறு படபடவென்று இழுபட, தங்கள் தம்பியார் தலைவிரி கோலமாக வாயிலுக்கு ஓடினார். அங்கே ஒரு வெள்ளாடு கயிற்றை மென்றுகொண்டிருந்தது. ஐப்பசிக்குப் பிறகு மன்னர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். ஆட்டைத் தண்டிக்க வேண்டாம் என்று உத்தரவிட்டு, திரும்பிப் போய்ப் படுத்து, மறுபடியும் உறங்கினார். இப்போது இரண்டு வேளையும் உண்கிறார். கண்ணின் கருமை குறைகிறது. மாசி கழிவதற்கு ஒன்பது நாள் இருக்கையில், அஞ்ச வேண்டியதில்லை என்று வைத்தியரும் வாய் திறந்துவிட்டார்.

ஆகவே அரசியார் கேட்ட அளவு இதுதான்: அளக்கவில்லை, உறங்குகிறார். மூன்று அணிகளும் சந்தனப் பேழையில் நன்றியோடு திருப்பி அனுப்பப்படுகின்றன. கம்மியர்மேல் குற்றமில்லை, மணல் உள்ளதைத்தான் சொன்னது, படித்தவர்களுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. காத்தாயியின் பலகை கேட்டபடி இரண்டு விரற்கடை கூட்டி மாற்றப்பட்டது.

இனி மன்னரின் ஆணைகள். ஆம்பல் நாட்டில் உறங்கும் அரசரை எழுப்பும் உரிமை மடைக்காரர், மாட்டுக்காரர், வழிப்போக்கர் என எல்லார்க்கும் உண்டு. தடுக்கும் காவலனே தண்டனைக்குரியவன். அளவுக் கயிறு முரடாக இருப்பதால் மன்னரின் மணிக்கட்டு சிவந்திருக்கிறது. அதற்கு மாற்றாக, தமக்கையார் தம் கையால் திரித்த மெல்லிய கயிறொன்று வேண்டும் என்று மன்னர் விண்ணப்பிக்கிறார். ஆணை என்று எழுதச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இவ்வோலை கொண்டு செல்வோனுக்கு நக்கண்ணன் இடும் கட்டளை: தேன்வரையை அடையும்போது அரசியார் உறங்கிக்கொண்டிருந்தால், வாயிலிலேயே காத்திரு. தீச்செய்திக்கு எழுப்பலாம், நற்செய்தி அவர் தாமாக விழிக்கும்வரை பொறுக்கும்.

மடைக்கதவும் ஆம்பலும் பொறித்த அரச முத்திரை இட்டோம். நீர் அறிக, நிலம் அறிக, இவ்வோலை மெய்.

முத்திரைக்குக் கீழே மன்னர் தம் கையால் கீறியது:

அக்கா, நான் தூங்குகிறேன். நீயும் தூங்கு.