வறுத்த புளியங்கொட்டை

பக்கத்து வீட்டு வாசலில் புதுப்புளி வந்து இறங்கியிருக்கிறது. காலையிலிருந்து பெண்கள் உட்கார்ந்து கொட்டை எடுக்கிறார்கள். எடுத்ததில் ஒரு பங்கை யாரோ இரும்புச் சட்டியில் மணலோடு போட்டு வறுக்க, அந்த வாசனை சுவர் ஏறி என் அறைக்குள் வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தினேன். பிறகு நானே எழுந்து திறந்தேன். உன்னை நினைக்க எனக்கு இதைவிட நல்ல வாசனை கிடையாது.

செத்தவர்களைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பார்கள். உன் கருமாதிக்கு வந்த நாமக்கல் வக்கீல்கள் அத்தனை பேரும் அதைக் கடைப்பிடித்தார்கள். நீ தங்கமாம். நட்புக்கு உயிரையே கொடுப்பாயாம். நான் வாயைத் திறக்கவில்லை. அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன். நீ படிக்க முடியாதே என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சேலத்தில் நாம் இண்டர்மீடியட் படித்த காலத்தில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரே அறையில் இருந்தோம். நீ திருச்செங்கோட்டுப் பக்கம் காடு கரை உள்ள வீட்டுப் பிள்ளை. நான் எடப்பாடியில் ஒற்றைத் தறி வைத்திருந்தவர் மகன். உன் அம்மா உன்னைப் பார்க்க வண்டி கட்டி வரும்போதெல்லாம் சுருக்குப் பை நிறைய வறுத்த புளியங்கொட்டை கொண்டுவருவார். "ரண்டு பேரும் சண்டையில்லாமத் தின்னுங்க சாமி" என்று என் கையிலும் கொஞ்சம் கொட்டுவார். நான் பல்லுக்குப் பயந்து உன்னிடமே கொடுத்துவிடுவேன். நீ சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வகுப்பில்கூட ஒன்றைக் கன்னத்தில் அடக்கி ஊறவைத்துக்கொண்டிருப்பாய். கணக்கு வாத்தியார் கேள்வி கேட்டால் பாதிப் பதிலைக் கொட்டைதான் சொல்லும். நான் சிரித்துச் சிரித்து வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறேன். அந்த நாளில் உன்னிடம் எனக்குப் பிடிக்காதது என்று ஒன்றுமே இருந்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கல்லூரித் தலைவராக இருந்த வெள்ளைக்காரத் துரை தன் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பார்த்ததை இங்கேயும் நட்டுவைத்த செடிதான் மேன்மாணவர் கழகம். நன்றாகப் படிக்கிறவர்களுக்குள்ளும் பொறுக்கி எடுத்த சிலர்தான் அதில் உறுப்பினர்கள். சேர்க்கை விழா அன்று வெள்ளை வேட்டி, கோட்டு, கோட்டில் குத்த ஒரு வெள்ளி வில்லை. லத்தீனில் ஓர் உறுதிமொழி. அதைத் துரை சொல்லச் சொல்ல நீங்களெல்லாம் திருப்பிச் சொன்னதைக் கேட்டால் லத்தீன்காரனே ஊரைவிட்டு ஓடியிருப்பான். பிறகு பழைய உறுப்பினர் விளக்கிலிருந்து புது உறுப்பினர் தன் விளக்கை ஏற்றிக்கொள்வார். எல்லாம் முடிந்து பாயசத்தோடு விருந்து.

இவ்வளவுக்கும் முன்னால் ஓட்டு. துரையின் ஊரில் அதற்கு வெள்ளை உருண்டை, கறுப்பு உருண்டை வைத்திருந்தார்களாம். சேலத்தில் அது ஏது? கைக்குக் கிடைத்ததை வைத்துக்கொண்டார்கள். உறுப்பினர், ஆசிரியர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பருத்திக்கொட்டை, ஒரு புளியங்கொட்டை. சேர்க்கச் சம்மதமானால் பருத்திக்கொட்டை, ஆகாதென்றால் புளியங்கொட்டை. மூடிய கையோடு வரிசையாகப் போய் மண்கலயத்துக்குள் போட வேண்டும். கடைசியில் கலயத்தைச் சேரப்போகிறவன் கண்ணெதிரிலேயே தாம்பாளத்தில் கவிழ்ப்பார்கள். ஒரே ஒரு புளியங்கொட்டை இருந்தாலும் அவன் வெளியே. போட்டது யார் என்று கேட்கக் கூடாது.

வில்லைக்காக நான் ஏங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். ஜமீன்தார் ஒருவர் எழுதிவைத்த தர்மம் இருந்தது. கழகத்து உறுப்பினர்களில் பரீட்சையில் முதலாக வருகிற ஒருவனுக்குச் சென்னையில் பி.ஏ. படிப்பும், சாப்பாடும், இருக்க இடமும் இலவசம். எனக்குச் சென்னை என்றால் அந்த ஒரு வழிதான். என் அப்பா எடப்பாடிச் சந்தையில் பார்த்தவர்களிடமெல்லாம் மகன் பட்டணம் போகப்போகிறான் என்று சொல்லிவிட்டிருந்தார். உனக்கு அந்தத் தர்மம் தேவையே இல்லை. உன் வீட்டில் ஒரு வருடக் கடலைக்காய் வெள்ளாமை போதும், உன்னைச் சீமைக்கே அனுப்பலாம். ஆனால் நீ முந்தின வருடமே உறுப்பினராகிவிட்டவன். நான் உள்ளே வந்தால் முதல் இடம் உன்னுடையது இல்லை என்பது நம் இருவருக்கும் தெரியும்.

கலயத்தைக் கவிழ்த்தார்கள். பஞ்சு ஒட்டிய பருத்திக்கொட்டைகளுக்கு நடுவில் ஒரே ஒரு புளியங்கொட்டை உருண்டு வந்து தாம்பாளத்தின் விளிம்பில் நின்றது. துரை தொண்டையைச் செருமிக்கொண்டு, வருந்துகிறேன் என்றார். அவருக்கு எல்லாப் புளியங்கொட்டையும் ஒன்று. நான் உற்றுப் பார்த்தேன். கழகத்தில் கொடுப்பது பச்சைக்கொட்டை, பளபளவென்று இருக்கும். இது தோல் வெடித்து, கருகி, ஒரு பக்கம் உள்ளே வெளுப்புத் தெரிந்தது. வறுத்த கொட்டை.

அவர்கள் கொடுத்ததை நீ சட்டைப் பையில் போட்டிருக்கிறாய். பருத்திக்கொட்டையைத் தடவினால் தெரியும். புளியங்கொட்டையில் எது கழகத்துக் கொட்டை, எது உன் அம்மாவின் கொட்டை என்று உன் விரலுக்குத் தெரியவில்லை. அவசரம்.

நான் அதை எடுத்து மடியில் முடிந்துகொண்டேன். யாரும் கவனிக்கவில்லை. வெளியே வந்ததும் நீ ஓடி வந்து என் தோளைக் கட்டிக்கொண்டாய். உன் கண்ணில் நீர்கூட இருந்தது.

"எந்தப் பாவி போட்டானோ, யாருக்குத் தெரியும்? நீ விடு, பாத்துக்கலாம்" என்றாய்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் தொட்டிலில் கிடந்து பார்த்தேன். அங்கேயே உன் சட்டைப் பையைத் திருப்பிக் கொட்டியிருக்கலாம். கொட்டியிருந்தால் உனக்கு ஒரு நாள் அவமானம், அதோடு சரி. எனக்கு ஒரு நாள் போதாது.

நீ சென்னை போனாய், நாமக்கல்லில் வக்கீலானாய். நான் எடப்பாடியில் பள்ளிக்கூட வாத்தியாரானேன். அப்பா சந்தைக்குப் போவதையே விட்டுவிட்டார். யார் கேட்டாலும் "அடுத்த வருசம் போவானுங்க" என்று சொல்லிச் சொல்லி, அந்த அடுத்த வருடம் வராமலே செத்தார். அவரை எடுத்த அன்று நீ காரில் வந்து மாலை போட்டாய். அந்த மாலையை நான் தெருவிலேயே கழற்றி எறிந்ததை நீ பார்க்கவில்லை.

அதன் பிறகு நீ என் வீட்டுக்கு எப்போது வந்தாலும் காபியோடு ஒரு தட்டு வைக்கச் சொன்னேன். தட்டில் வறுத்த புளியங்கொட்டை. முதல் தடவை, "அட, இன்னும் ஞாபகம் வெச்சிருக்கறயே" என்று மகிழ்ந்து தின்றாய். அடுத்த தடவை ஒன்றை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாய். நான் மழை பெய்ததா என்று விசாரித்தேன். அதற்கடுத்த தடவை தட்டைத் தொடவே இல்லை.

"பல்லு முன்ன மாதிரி இல்லப்பா."

"சும்மா எடுத்துக்க. உங்க அம்மா கைப்பக்குவம்தான்" என்றேன்.

அன்று உனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எத்தனையோ பேரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்த வக்கீல், ஒரு தட்டுக் கொட்டைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது.

வாத்தியார் வேலையில் இருந்துகொண்டே நான் தனியாக எழுதி பி.ஏ. தேறி, அதற்கு மேலும் தேறி, நம் கல்லூரிக்கே ஆசிரியராக வந்து சேர்ந்தபோது துரை போய்விட்டிருந்தார். கலயம் இருந்தது. என்னை உறுப்பினராகச் சேர்க்காத கழகம், ஆசிரியர் என்பதால் என் கையில் இரண்டு கொட்டையைக் கொடுத்தது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது பொய்யில்லை. சில வருடங்களில் உன் மகன் பெயர் கழகத்தில் எழுந்தது.

ஓட்டுக்கு முந்தின நாள் நீ வந்தாய். நான் பாடம் முடித்து வரும்வரை வராந்தாவில் காத்திருந்தாய். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பையன் ஒண்ணும் பண்ணலப்பா" என்றாய்.

"யாரு, என்ன பண்ணுனாங்க?" என்றேன்.

நீ தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாய். பிறகு, "உன்ற கையிலதான் இருக்குது" என்றாய்.

"எந்தப் பாவி போடுவானோ, யாருக்குத் தெரியும்?" என்றேன்.

என் வாழ்நாளில் நான் பேசியதிலேயே எனக்குப் பிடித்த வாக்கியம் அதுதான். அது உன் வாக்கியம் என்பதால் இன்னும் பிடிக்கும். நீ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாய்.

அப்போதெல்லாம் பெற்றவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஆகியிருந்தது. நான் மூடிய கையோடு உன்னைக் கடந்து மெதுவாக நடந்தேன். வேண்டுமென்றேதான். கலயத்தைக் கவிழ்த்தார்கள். அத்தனையும் பருத்திக்கொட்டை. உன் மகன் விளக்கை ஏற்றினான், வில்லை குத்திக்கொண்டான். நீ வந்து என் கையைப் பிடித்தாய். நான் பாயசம் ஆறுகிறது என்று சொல்லி உருவிக்கொண்டேன்.

அதைப் பெருந்தன்மை என்று நீ நினைத்திருந்தால் தப்பு. பையன் நன்றாகப் படித்தான், அது ஒரு காரணம். இன்னொன்று, அவனை நான் தள்ளியிருந்தால் நீயும் நானும் சரிக்குச் சரியாகிவிட்டிருப்போம். நீ அன்றைக்கே நிம்மதியாகத் தூங்கியிருப்பாய். அந்தத் தூக்கத்தை உனக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை.

போன தை மாதம் நீ படுக்கையில் விழுந்துவிட்டாய் என்றும், என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாய் என்றும் சொல்லி உன் மகன் ஆள் அனுப்பினான். வாரேன் என்று சொல்லியனுப்பினேன். மறுபடியும் ஆள் வந்தான். மறுபடியும் வாரேன் என்றேன். நாமக்கல்லுக்கு நித்தமும் பஸ் ஓடுகிறது. சேதி கேட்ட பிறகுதான் ஏறினேன்.

வாய்க்கரிசி போடுகிறவர்கள் வரிசையில் கையை மூடிக்கொண்டு நின்றேன். வலது கையில் அரிசி, இடது கையில் அந்தக் கொட்டை. உன்னிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் எடுத்து வந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் மனம் மாறியது. இரக்கம் வரவில்லை. கொடுத்துவிட்டால் என்னிடம் என்ன இருக்கும்? அரிசியை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

வாசலில் உன் மகன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "அப்பா கடைசி வரைக்கும் உங்களைத்தாங்கய்யா கேட்டுட்டே இருந்தாரு. என்னமோ கேக்கோணும்னாரு. என்னன்னு உங்களுக்குத் தெரியுங்களா?" என்றான்.

"தெரியாது சாமி" என்றேன்.

நீ என்ன கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். சாகப்போகிறவன் வாய்விட்டுக் கேட்டால் யாராக இருந்தாலும் மன்னித்துத் தொலைக்கத்தான் வேண்டும். அதனால்தான் நான் வரவில்லை.

கொட்டை இப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.