ஃப்ரிட்ஜுக்காக வைத்த கண்டென்சர்

மெர்த்தர்,
6 பிப்ரவரி 1983

அன்புள்ள காலின்,

நலம்தானே? காலேஜ் விட்டுப் பதினான்கு வருஷத்தில் நீ எனக்குப் போட்ட கடிதங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கேம்பிரிட்ஜில் கம்ப்யூட்டர் கம்பெனி எஞ்சினியர் ஆகிவிட்டாய். வேல்ஸில் டிவி ஃபேக்டரியில் குப்பை கொட்டுகிறவன் நினைவு எங்கே வரும்? சரி, சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம்.

இத்துடன் ஒரு சர்க்யூட் படத்தின் நகல் அனுப்பியிருக்கிறேன். நான் வடிவமைத்த வீட்டுக் கம்ப்யூட்டர். கீபோர்டுக்கு அடியிலேயே எல்லாம் அடங்கிவிடும். டிவியில் சொருகினால் போதும். மற்றவர்கள் இருபது, இருபத்தைந்து சிப் போடுகிறார்கள். என்னுடையதில் ஒன்பதுதான். திரையில் படம் வரையத் தனிச் சிப் கிடையாது. கணக்குப் போடுகிற சிப்பே நடுநடுவே கணக்கை நிறுத்திவிட்டுப் படத்தையும் வரைந்துவிடும். மூலையில் சாய்ந்து நிற்கும் கண்டென்சரைப் பார்த்துச் சிரிக்காதே. எனக்குப் பட்டறை சமையலறை மேஜைதான். எங்கள் பழைய ஃப்ரிட்ஜ் உறுமும்போதெல்லாம் கம்ப்யூட்டர் மயக்கம் போட்டு விழுந்தது. மின்சாரம் ஏறி இறங்குவதைத் தாங்கிக்கொள்ள அதை வைத்தேன்.

"வேலைய விட்டுட்டு இதையே பண்றதுன்னா பண்ணு. ஆனா விஷயம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட முதல்ல காட்டிடு" என்கிறாள் என் மனைவி நெஸ்டா. எனக்கு அப்படி இருப்பவன் நீ ஒருத்தன்தான். இது தேறுமா? நான் வேலையை விடலாமா? உண்மையைச் சொல்.

உன்,
எம்ரிஸ்


கேம்பிரிட்ஜ்,
3 மார்ச் 1983

அன்புள்ள எம்ரிஸ்,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நெஸ்டாவுக்கு என் அன்பு.

படத்தை நிதானமாகப் பார்த்தேன். நண்பன் என்பதால் பூசி மெழுகாமல் சொல்கிறேன், இது தேறாது. ஒரே சிப்பை இரண்டு வேலைக்கு விரட்டுகிறாய். உன் சமையலறையில் ஓடலாம். ஆயிரக்கணக்கில் செய்தால் பாதி ஓடாது. உனக்கு டிவி தெரியும், இது வேறு உலகம். வேலையை மட்டும் விட்டுவிடாதே. வேறு யாரிடமும் இதைக் காட்டி மனதைப் புண்படுத்திக்கொள்ளாதே.

உன்,
காலின்


மெர்த்தர்,
12 மார்ச் 1983

அன்புள்ள காலின்,

கடிதம் வந்தது. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. "சாப்பிடவாவது வாயத் திற" என்று நெஸ்டா கத்தினாள்.

பிறகு நீ சொல்வதுதான் சரி என்று பட்டது. எழுதி வைத்திருந்த ராஜினாமாவைக் கிழித்துப் போட்டேன். கம்ப்யூட்டரைப் பிரித்து, சிப்புகளை ஃபேக்டரி நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டேன். உனக்கு இருக்கிற வேலைக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்து, முகத்துக்கு நேரே சொன்னாயே, அதற்கு நன்றி. கோடையில் இந்தப் பக்கம் வா. நெஸ்டா எங்கள் ஊர் ஆட்டுக்கறி சூப், கவுல் வைப்பாள். சூடாக இரண்டு கிண்ணம் குடிக்காமல் விடமாட்டாள்.

உன்,
எம்ரிஸ்


மெர்த்தர்,
28 டிசம்பர் 1983

காலின்,

கிறிஸ்துமஸுக்கு நெஸ்டா எனக்கு ஒரு பெட்டி கொடுத்தாள். உன் கம்பெனியின் புதுக் கம்ப்யூட்டர், பெட்ரல் 16. "காலின் கம்பெனி மிஷின்ப்பா! உன்னோடத நீ பிரிச்சுப் போட்டதுலேர்ந்து உன் மூஞ்சியப் பாக்க சகிக்கல. அதான் வாங்கினேன்" என்றாள்.

மறுநாள் காலை மூடியைக் கழற்றினேன். ஒன்பது சிப். மறுபடி எண்ணினேன். அப்புறம் மூலையைப் பார்த்தேன், என் கண்டென்சர். என் வீட்டு ஃப்ரிட்ஜுக்காக நான் வைத்தது, அதே மூலையில், அதே சாய்வில் நிற்கிறது. எதற்கென்று தெரியாமல், எடுத்தால் என்ன ஆகுமோ என்று பயந்து விட்டுவைத்திருக்கிறீர்கள்.

"ஏன் அழற? புடிக்கலையா?" என்று கேட்டாள் நெஸ்டா. விஷயத்தைச் சொன்னேன். "படுபாவி" என்றாள். பரிசு வாங்கியதற்காகத் தன்னையே நொந்துகொண்டாள்.

திருடியதைக்கூட என்றாவது மன்னித்திருப்பேன், காலின். நல்லது என்று தெரிந்துகொண்டே என்னிடம் தேறாது என்றாயே! நான் ஒரு முட்டாள் என்று நம்பிக்கொண்டு பத்து மாதம் வேலைக்குப் போய் வந்தேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

எம்ரிஸ்


கேம்பிரிட்ஜ்,
16 பிப்ரவரி 1984

அன்புள்ள எம்ரிஸ்,

எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியாமல் எழுதுகிறேன். எங்கள் படத்தில் இருபத்துமூன்று சிப். முதலாளி தினமும் திட்டினார். ஒருநாள் உன் படம் என் மேஜையில் விரிந்து கிடந்தது. "அட, இதத்தான்யா தேடிக்கிட்டு இருந்தோம்! நீ போட்டதா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு உன்னிடம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவாயே என்று பயந்தேன்.

இப்போது பெட்ரலை அரை மணி ஓடவிட்டால் திரையில் படம் பக்கவாட்டில் நழுவுகிறது. கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வருகிறது. நான் வரைந்தது என்பதால் எல்லாரும் என்னைத்தான் கேட்கிறார்கள். எனக்குக் காரணம் தெரியவில்லை. மாதக் கடைசிக்குள் சொல்லாவிட்டால் என் வேலை போய்விடும். பழைய நட்புக்காக ஒரு வரி எழுது.

உன்,
காலின்


மெர்த்தர்,
22 பிப்ரவரி 1984

திரு. காலின் தாக்ரே அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது.

பெட்டியை ஒல்லியாக்குவதற்காகப் பாகங்கள் பலவற்றை இடம் மாற்றியிருக்கிறீர்கள். அவற்றில் ஒன்று நகரவே கூடாதது. எது, ஏன் என்பது வரைந்தவனுக்குத் தெரியும். மூடியைத் திறந்த அன்றே பார்த்துவிட்டேன்.

உங்களுக்குச் சொல்லிவிடலாமா என்று நெஸ்டாவிடம் கேட்டேன். "உன் இஷ்டம். ஆனா அந்தாளுக்கு நீ நண்பன் இல்ல, சும்மா கெடச்ச எஞ்சினியர்" என்றாள். அதற்குமேல் யோசிக்கவில்லை.

பெட்ரல் வாங்கியவர்கள் எந்தப் பாவமும் செய்யவில்லை. அதனால் வீட்டிலேயே அதைச் சரிசெய்யும் முறையை எழுதி ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். தேதி போட்ட என் மூலப் படத்தையும், சென்ற மார்ச்சில் நீங்கள் எழுதிய கடிதத்தையும் கூடவே அச்சிடுகிறார்கள். இதழ் மார்ச் நடுவில் கடைக்கு வரும். உங்கள் கெடு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பது தெரியும். வந்ததும் வாங்கிப் படித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
எம்ரிஸ் ப்ரோசர்
வடிவமைப்பாளர், பெட்ரல் 16