ஒரு புழுகூட இல்லாத பூங்கா

இன்று சனிக்கிழமை. விடிந்ததும் புல் வெட்டும் இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. ஜன்னலைச் சாத்தினாலும் பெட்ரோல் புகையும் வெட்டுப்பட்ட புல்லின் பச்சை வாடையும் உள்ளே வந்துவிடுகின்றன. நம் தெருக்கோடியில், கொள்ளிடக் கரையை ஒட்டிக் கிடந்ததே ஒரு காலிமனை, அங்கேதான் வெட்டுகிறார்கள். இப்போது அது காலிமனை இல்லை. வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. வாசல் வளைவில் உன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். உன் பெயரைப் போட்டே உனக்கு இவ்வளவு பெரிய அநியாயத்தைச் செய்ய முடியும் என்று நான் நினைத்ததில்லை. யாரிடம் பொருமினாலும், "உங்க சிநேகிதிக்கு மரியாதைதானே செஞ்சிருக்காங்க" என்கிறார்கள். அதனால் உன்னிடமே சொல்கிறேன்.

ரயில்வே அலுவலகத்தில் அத்தனை வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவள் நீ. ஓய்வு பெற்றதும் எல்லாரும் காசிக்குப் போனார்கள், நீ கேமரா வாங்கினாய். என்னையும் இழுத்துக்கொண்டு தொட்டியம் வாழைத் தோட்டங்களுக்கும் மருங்காபுரிக் கரட்டுக்கும் பஸ் ஏறினாய். அப்படி அலைந்துவிட்டு ஒரு மாசி மாதக் காலையில், எல்லாம் நம் தெருக்கோடியிலேயே இருக்கிறது என்று அந்த மனைக்குக் கூட்டிப்போனாய். எருக்கும் கிலுகிலுப்பையும் தும்பையும் இடுப்பளவுக்கு மண்டிக் கிடந்த இடம். குப்பைமேட்டில் என்ன இருக்கப்போகிறது என்று நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். எருக்கம்பூவில் ஏதாவது உட்காருமா என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, நீ என் தலையைப் பிடித்துத் தாழ்த்தினாய்.

"பூவைப் பாக்காதடி, இலையைப் பாரு. பூவுக்கு வர்றது விருந்தாளி. இலைக்கு வர்றவதான் வீட்டுக்காரி."

எருக்கிலையின் அடியில் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி ஒன்று வயிற்றை வளைத்து முட்டை வைத்துக்கொண்டிருந்தது. செம்மஞ்சள் சிறகு, ஓரத்தில் கறுப்புக் கரை. அது பறந்துபோன பிறகு கசகசா அளவுக்கு வெள்ளையாய் ஒன்று இலையில் ஒட்டியிருந்தது. எருக்கு இல்லையென்றால் இந்த ஜாதியே இங்கே இல்லை, இதன் புழுவுக்கு அதுதான் சோறு என்றாய். காய்ந்த கிலுகிலுப்பைச் செடியில் நீல வரியன்கள் கூட்டமாக மொய்த்து எதையோ உறிஞ்சுவதையும் அன்றுதான் பார்த்தேன். செத்துப்போன செடி என்று நாம் நினைப்பதற்கு அவ்வளவு வரவேற்பு.

உன்னோடு படம் எடுக்க வருவதும் லேசான காரியமா? நிழல் பூச்சிமேல் விழக்கூடாது. பேசக்கூடாது. உன் ஊர் மணப்பாறையிலிருந்து வந்த முறுக்கைக் கையில் கொடுத்துவிட்டு, கடிக்கக்கூடாது, வாயில் ஊறவைத்துத் தின்னு என்பாய். மணப்பாறை முறுக்கை ஊறவைத்துத் தின்ற ஒரே ஆள் இந்தத் திருச்சி ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

உனக்குக் கோபம் வந்து நான் நன்றாகப் பார்த்தது ஒரே ஒரு நாள். டவுனிலிருந்து ஒருவர் பெரிய லென்ஸோடு வந்திருந்தார். டிபன் பாக்ஸைத் திறந்து, உள்ளேயிருந்த வண்ணத்துப்பூச்சியை எடுத்துத் தும்பைப் பூமேல் வைத்தார். வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்து கொண்டுவந்திருக்கிறார். அப்போதுதான் அசையாமல் இருக்குமாம், படம் துல்லியமாக விழுமாம். நீ கத்தவில்லை.

"உங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் ஃப்ரிட்ஜுலதான் வைப்பீங்களா சார்?"

மனிதர் லென்ஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நீ அந்தப் பூச்சியை ஓர் இலையில் ஏந்தி வெயிலில் வைத்து, அது சூடேறிப் பறக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். அதைப் படம் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, அது இருக்கிற நிலைமையில் எடுக்கிறது மரியாதை இல்லை என்றாய்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் மரியாதை செய்திருக்கிறார்கள்.

போன ஆவணியில் நீ போய்விட்டாய். ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்க்காமல், வழியிலேயே. உன் மகன் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பினான். நம் குடியிருப்பு நலச் சங்கத்தில் உன் ஞாபகமாக ஏதாவது செய்யவேண்டும் என்று பேசினார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த மனையில் ஒரு பெஞ்சு போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போனேன்.

பங்குனியில் திரும்பிவந்தால், தெருக்கோடி மொட்டையாக நிற்கிறது. ஜே.சி.பி. வந்து எல்லாவற்றையும் வழித்துவிட்டுப் போயிருந்தது. வெட்டிய எருக்கெல்லாம் ஒரு பக்கம் குவியலாகக் கிடந்து வதங்கிக்கொண்டிருந்தது. புரட்டிப் பார்த்தேன். இலைகளுக்கடியில் பச்சைத் தொங்கட்டான் போலக் கூட்டுப்புழுக்கள் தொங்கியபடியே நசுங்கியிருந்தன. புதுப் புல்தரை விரித்து, வாசனையில்லாத சீமைப் பூச்செடிகளை வரிசையாக நட்டு, நடுவில் சிமெண்டில் ஓர் ஆள் உயர வண்ணத்துப்பூச்சி செய்து பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். முதுகில் டப்பா கட்டிய ஒருவர் செடிகளுக்கு மருந்து தெளித்துக்கொண்டிருந்தார். சங்கச் செயலாளர் என்னைப் பார்த்ததும் பூரித்துப்போய் வந்தார்.

"பாத்தேளா மேடம்? மருந்து அடிச்சாச்சு. இனிமே ஒரு புழு இருக்காது."

வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் ஒரு புழு இருக்காதாம். படித்த மனிதர், வங்கியில் மேலாளராக இருந்தவர். புழுவும் பூச்சியும் ஒன்றே என்று மூன்றாம் வகுப்பில் படம் வரைந்து பாகம் குறித்திருப்பார்தானே.

அந்தப் பேனரையும் நீ பார்த்திருக்கவேண்டும். உன் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி. நீ எடுத்தது இல்லை. இணையத்திலிருந்து இறக்கியது. வெந்தய வரியனுக்குத் தூரத்து உறவு, அமெரிக்காவில் பறப்பது, நம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. உன் கேமராவில் இந்த மண்ணின் பூச்சிகள் அத்தனையும் இருக்க, ஒரு படம் கேட்டு ஒருவருக்கும் என்னிடம் போன் செய்யத் தோன்றவில்லை.

டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் மூலையில் மட்டும் ஒரே ஓர் எருக்கு தப்பி நின்றது. ஜே.சி.பி. அங்கே நுழைய முடியவில்லை. திறப்பு விழாவுக்குள் ஆளை விட்டு வெட்டிவிடுவோம் என்றார் செயலாளர். இது ஒன்றாவது இருக்கட்டும், பூச்சிக்கு இதுதான் வீடு என்று எவ்வளவோ சொன்னேன். குழந்தைகள் வருகிற இடம், பால் கண்ணில் பட்டால் ஆபத்து, அதுவும் இல்லாமல் எருக்கு அமங்கலம் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ரத சப்தமிக்குத் தலைல வச்சுக் குளிக்க ஏழு இலை எங்க சார் பறிச்சீங்க? இங்கதானே? அப்ப மங்கலமா இருந்துச்சா?"

வருடாவருடம் விடியலில் அவர் அங்கே வந்து இலை பறிப்பதை நாம் இருவரும் பார்த்திருக்கிறோம். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர், மறுநாள் அந்த எருக்கைச் சுற்றிச் செங்கல் கட்டி, மஞ்சள் பூசி, இலை பறிக்க அனுமதி பெறவேண்டும் என்று பலகையும் வைத்துவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்று நீ நினைப்பாய். புழுவுக்காகக் கேட்டபோது கிடைக்காதது ஏழு இலைக்காகக் கிடைத்தது. எனக்கு அதுவே ஆத்திரம்.

திறப்பு விழாவில் உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இந்தப் பூங்காவில் அவளுக்குப் பிடித்தது அந்த மூலை மட்டும்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கைதட்டினார்கள். தட்டிவிட்டு, சிமெண்டுப் பூச்சியின் சிறகுகளுக்கு நடுவே நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளப் போனார்கள்.

மருந்து மட்டும் நிற்கவில்லை. மஞ்சள் பூசிய எருக்குக்கும் சேர்த்தே அடிக்கிறார்கள். அதில் ஓர் இலைகூடக் கடிபடவில்லை, பளபளவென்று நிற்கிறது. வருகிறவர்களிடம் செயலாளர் அதைக் காட்டிப் பெருமைப்படுகிறார். நான் தினமும் போய் ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருகிறேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று அந்தக் குவியலிலிருந்து ஓர் எருக்கங்கொம்பை ஒடித்துக்கொண்டு வந்தேன். பால் வழிந்து புடவையெல்லாம் கறை. அதை என் வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் நட்டேன். யாரையாவது சபிக்கவேண்டுமென்றால் என் அம்மா, உன் வீட்டில் எருக்கு முளைக்க என்பாள். அம்மா இருந்திருந்தால் என்னைத் தொலைத்திருப்பாள். கொம்பு பிடித்துக்கொண்டது. இன்று காலை புல் வெட்டும் சத்தம் பொறுக்காமல் வெளியே வந்து, நீ செய்வதுபோல விரலால் இலையைத் தூக்கினேன். இலையில் வட்டமாய் ஓர் ஓட்டை. ஓட்டையின் விளிம்பில், கறுப்பும் மஞ்சளுமாய்க் கோடு போட்டுக்கொண்டு, குட்டிக் கொம்புகளோடு அது தின்றுகொண்டிருந்தது. உன் கேமராவை எடுத்துவந்து, நிழல் விழாத பக்கமாக நின்றேன்.

பூங்காவிலிருந்து திரும்பிய செயலாளர் கேட்டருகே நின்று எட்டிப் பார்த்தார். வாசலில் எருக்கு ஆகாது, அதுவும் புழு வேறு பிடித்திருக்கிறது, மருந்தடிக்கிற ஆள் இன்னும் அங்கேதான் இருக்கிறார், அனுப்பட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம் சார். வீட்டுக்காரி சாப்பிட்டுட்டு இருக்கா."

நான் தனியாக இருப்பவள் என்று அவருக்குத் தெரியும். யார் என்று வீட்டுக்குள் பார்த்தார். நான் கேட்டைச் சாத்திவிட்டு, அவர் போகிறவரை செடிக்கு முன்னால் நின்றேன்.